கிரேக்கப் பாட்டும் ஆசீர்வாதப்பரும்

சேசு மரி சூசை

கிரோத்தாஃபெராத்தா, இத்தாலி
தபசுகாலம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? பணம் போன வாரமே அனுப்பிவிட்டேன். வந்து சேர்ந்ததும் தம்பியை ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். நான் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கு வயது தொண்ணூறைத் தொடப் போகிறது. குளிக்கவைக்கும்போது மட்டும் சண்டை, மற்றபடி தங்கம்.

கோயில் கிட்டத்தில் இருக்கிறதா, பூசை காண்கிறாயா என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இந்த ஊர் ரோமிலிருந்து 20 கிலோமீட்டர். நடுவில் கோட்டை மதிலோடு ஒரு மடம். முதல் ஞாயிறு அங்கே போய் மிரண்டுவிட்டேன். பீடத்துக்கு முன்னால் படங்கள் வைத்த ஒரு தடுப்பு. ஆர்கன் இல்லை, ஆர்மோனியமும் இல்லை. எல்லாரும் சிலுவை வரையும்போது வலத்தோளை முதலில் தொடுகிறார்கள். மொழியோ இத்தாலியன் இல்லை, நீங்கள் பீடச்சிறுவனாக இருந்தபோது பதில் சொன்ன லத்தீனும் இல்லை. பிரிந்து போன சபைக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டோம், இங்கே நற்கருணை வாங்கினால் பாவமாகிவிடும் என்று எழுந்து வெளியே வந்துவிட்டேன். பாட்டியின் மகன்தான் சிரித்துவிட்டு விளக்கினார். அவர் ஓய்வு பெற்ற வாத்தியார்.

இது பாப்பரசருக்கு உட்பட்ட மடம்தானாம். பூசை மட்டும் கிரேக்க முறை. 1004-ல் தொடங்கியது. கிரேக்கச் சபையும் ரோமின் லத்தீன் சபையும் பிரிந்தது 1054-ல். சண்டை வருவதற்கு 50 வருடம் முன்பே இவர்கள் இங்கே குடிவந்துவிட்டார்கள். கூட்டி வந்தவர் புனித நீலுஸ். இத்தாலியின் தெற்குக் கோடியில் ரொஸ்ஸானோ என்ற ஊர்க்காரர். அந்தப் பக்கம் அப்போது கான்ஸ்டான்டிநோபிள் அரசரின் ஆட்சி, பேச்சு கிரேக்கம். அரபுப் படைகள் அடிக்கடி வந்து தாக்கவே, சீடர்களோடு வடக்கே கிளம்பிவிட்டார். அவரும் ஊரைவிட்டு வந்தவர்தான், அப்பா.

வழியில் மோந்தே கசீனோ மலை மடம். நம் ஆசீர்வாதப்பர், அதாவது புனித பெனடிக்ட், கட்டியது; லத்தீன் துறவிகளின் தாய்வீடு. அங்கிருந்த மடாதிபதி அலிகெர்னுஸ் இவர்களை வரவேற்று, பக்கத்தில் தங்க இடமும் கொடுத்தார். அப்புறம் ஒரு விருப்பம் சொன்னார்: எங்கள் கோயிலில் ஓர் இரவு உங்கள் கிரேக்கத்திலேயே செபம் பாடுங்கள். நீலுஸ் முதலில் வேதாகமத்துச் சங்கீதம் ஒன்றைச் சொல்லித் தயங்கினாராம். அன்னிய நாட்டில் ஆண்டவரின் பாட்டை எப்படிப் பாடுவது என்று வருமே, அது. வாத்தியார் இதைச் சொன்னபோது கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

ஆனாலும் பாடினார். அறுபதுக்கும் மேற்பட்ட துறவிகளோடு மலையேறிப் போய் ராத்திரி முழுக்கப் பாடினார். பாட்டு யாருக்கு? ஆசீர்வாதப்பருக்கே. அவர் சரித்திரத்தை எடுத்துத் தானே கிரேக்கத்தில் கட்டியது. விருந்து வைத்த வீட்டின் புனிதருக்குத் தன் பாஷையில் பாட்டு! பாட்டு முடிந்ததும் லத்தீன் துறவிகள் அவரைச் சூழ்ந்துகொண்டு, நீங்கள் ஏன் சனிக்கிழமை ஒருசந்தி உபவாசம் இருப்பதில்லை என்று கேட்டார்களாம். அதுவும் நம்மூர் போலத்தான்.

அந்த வகைப் பாட்டுக்கு கானோன் என்று பெயர். உங்களுக்கு ஒரு நிமிஷத்தில் பிடிபடும். மொத்தம் ஒன்பது பகுதி, பெரும்பாலும் இரண்டாவதை விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஏற்கனவே எல்லாருக்கும் தெரிந்த ஒரு மெட்டுப்பாட்டு உண்டு. புதுப் புனிதருக்குப் பாட்டுக் கட்டுகிறவர் அந்த மெட்டுக்கு அசை குறையாமல் வார்த்தை போட வேண்டும். சப்பரப் பாட்டுக்கு நீங்கள் திண்ணையில் தொடையைத் தட்டித் தட்டி வார்த்தை போடுவீர்களே, அதே வேலை.

மறு ஞாயிறு தைரியமாக உட்கார்ந்து கேட்டேன். ஒருவர் பாட, மற்றவர்கள் அடிக்குரலில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவது போலவே. எனக்கு ஒரு சொல் புரியவில்லை. 'கீரியே எலேயிசோன்' மட்டும் பிடிபட்டது. அண்ணாந்து பார்த்தால் வளைவில் சில்லுக் கற்களால் ஆன பன்னிரண்டு அப்போஸ்தலர்கள் வரிசையாக உட்கார்ந்து, ஆவியானவர் இறங்குவதைக் காட்டும் படம். துறவிகள் இப்போது கொஞ்சப் பேர்தான். குரல் மட்டும் நிறைவாக இருந்தது.

பாட்டியம்மா பல நாளாக உங்கள் பாஷையில் ஒரு பாட்டுப் பாடு என்று கேட்டுக்கொண்டிருந்தார். தெரியாது என்று பொய் சொல்லி வந்தேன். வெட்கம் ஒன்று, பாடினால் அழுகை வந்துவிடுமோ என்ற பயம் ஒன்று. போன செவ்வாய் குளிக்கவைக்கும்போது மாதா பாட்டு ஒன்று பாடினேன். அன்று சண்டை இல்லை.

பாட்டியின் பெயரும் ஆசீர்வாதப்பர் பெயர்தான். கிரேக்க முறையில் அவர் திருநாள் மார்ச் 14, நமக்கு ஜூலை 11. நாள் இருக்கிறது. நீங்கள் அவருக்கு நாலு வரி எழுதி அனுப்புங்கள். எனக்குத் தெரிந்த மெட்டாகப் பாருங்கள். தபசுகாலத்தில் ஒப்பாரி போலப் பாடும் வியாகுலப் பிரசங்க மெட்டு மட்டும் வேண்டாம், பாட்டி பயந்துவிடுவார்.

அம்மாவை மருந்தை நிறுத்தவிடாதீர்கள்.

உங்கள் அன்பு மகள்