குளிரைப் பிள்ளைகளின் கையில் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர்காலம் வந்துவிட்டால் சிறுவர் பக்கங்களிலும் மழலையர் வகுப்புகளிலும் ஒரே மாதிரிப் படங்கள் வரத் தொடங்கிவிடும். ஒரு பனிமனிதன், அவன் மேல் ஒட்டப் பஞ்சு, பக்கத்தில் வண்ணம் தீட்ட ஒரு பென்குவின். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளோடு பகல் முழுக்க இருப்பவள் என்பதால் இதைப் பற்றி எழுதத் தோன்றியது.

பஞ்சு ஒட்டுவதில் தப்பில்லை, விரல்களுக்கு நல்ல பயிற்சிதான். ஆனால் பனியைப் பற்றி ஒரு குழந்தைக்கு அது என்ன சொல்லித்தருகிறது? பஞ்சு மெத்தென்று இருக்கிறது, குளிராது, கரையாது, கையை நனைக்காது. பனி இதற்கெல்லாம் நேர் எதிர். இந்த வயதில் பிள்ளைகள் தொட்டும் கொட்டியும் பார்த்துத்தான் எதையும் தெரிந்துகொள்கிறார்கள். அதனால் படத்தைக் கொடுக்கும் முன் ஐஸைக் கொடுங்கள் என்கிறேன். பனி பெய்யாத ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஃபிரீசரில் அது கிடைக்கும்.

என் வகுப்பில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் நான் விடாமல் செய்வது ஒன்று உண்டு. ஒரே அளவான இரண்டு ஐஸ் கட்டிகளைத் தனித்தனிப் பைகளில் போட்டுக் கட்டிவிடுவேன். ஒன்று தட்டில் அப்படியே இருக்கும். இன்னொன்றைக் கம்பளித் தொப்பிக்குள் வைத்து நன்றாகச் சுருட்டிவிடுவேன். "எது முதல்ல கரையும்?" என்று கேட்டால், ஏறக்குறைய எல்லாக் கைகளும் தொப்பியைத்தான் காட்டும். தொப்பி போட்டால் நமக்குச் சூடாக இருக்கிறதே, ஐஸுக்கும் சூடாகத்தானே இருக்கும்? அவர்கள் நியாயம் அது, நல்ல நியாயமும்கூட. சரி, பார்க்கலாம் என்று விளையாட அனுப்பிவிடுவேன். திரும்பி வந்து பார்த்தால் தட்டில் இருந்த பையில் தண்ணீர்தான் இருக்கும். தொப்பிக்குள் ஐஸ் இன்னும் கட்டியாகவே இருக்கும்.

அப்போது வரும் அமைதியை நான் கெடுப்பதில்லை. கம்பளி சூட்டை உண்டாக்குவதில்லை, வெளிச்சூடு உள்ளே போவதையும் உள்சூடு வெளியே வருவதையும் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். இதை அங்கேயே விளக்கிவிட்டால் பாடம் முடிந்துவிடும், யோசனையும் முடிந்துவிடும். ஒருமுறை, மறுநாள் காலையில் ஒரு நாலு வயதுச் சிறுமி தன் பொம்மையை ஸ்வெட்டருக்குள் சுற்றி வைத்தாள். வெகுநேரம் கழித்து எடுத்துத் தொட்டுப் பார்த்தாள். "இது சூடாகவே இல்ல மிஸ். இதுக்குள்ள சூடு இல்ல" என்றாள். நான் சொல்லியிருந்தால் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருப்பேனா தெரியாது.

உப்பு வைத்துச் செய்வதும் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். ஒரு கிண்ணத்தில் உறையவைத்த பெரிய ஐஸ் கட்டியின் மேல் கல்லுப்பைத் தூவி, சொட்டுக்குழாயால் வண்ணத் தண்ணீர் விட்டால், உப்பு குடைந்த பள்ளங்களின் வழியே நிறம் இறங்குவது தெரியும். காதை அருகில் கொண்டுபோனால் சில சமயம் மெல்லிய வெடிப்புச் சத்தமும் கேட்கும். ஆனால் இதில் ஒரு எச்சரிக்கை, அதைப் பல செயல்முறைக் குறிப்புகளில் காண்பதில்லை. உப்பு கலந்த ஐஸ் சாதாரண ஐஸைவிடக் குளிர்ந்தது. தண்ணீர் உறைவது 0 டிகிரி செல்சியஸில். உப்புச் சேர்ந்த ஐஸ் அதற்குக் கீழே வெகுதூரம் இறங்கும், மைனஸ் 21 டிகிரி வரைகூடப் போகலாம். அதைத் தோலில் அழுத்தி வைத்தால் தீக்காயம் போலவே புண்ணாகும். உப்புப் போட்ட பிறகு சொட்டுக்குழாயும் கரண்டியும் மட்டும்தான், கை கூடாது. ஃபிரீசரிலிருந்து எடுத்த கையோடு ஐஸைக் கொடுக்கவும் கூடாது, ஈர விரல் ஒட்டிக்கொள்ளும். சில நிமிடம் வெளியே வைத்துக் கொடுங்கள். சின்னக் கட்டிகள் தொண்டையில் சிக்கும் அபாயம் இருப்பதால் இந்த வயதுக்குக் கிண்ணம் அளவுக் கட்டிகளே நல்லது.

கொழுப்பு எப்படிக் குளிரைத் தடுக்கிறது என்பதையும் காட்டலாம். இரண்டு பைகளுக்கு நடுவே வெண்ணெயை அப்பி, கையை உள்பைக்குள் விட்டு ஐஸ் தண்ணீரில் முக்கச் சொல்லுங்கள். மற்றக் கைக்கு வெறும் பை. துருவக்கரடியையும் சீல் என்னும் கடல்விலங்கையும் பற்றிப் பேச அதற்கப்புறம் வேறு படம் தேவைப்படாது. படம் என்றதும் நினைவுக்கு வருகிறது, துருவக்கரடியையும் பென்குவினையும் ஒரே பனிப்பாறையில் நிறுத்தி வரைவதைத் தயவுசெய்து விட்டுவிடலாம். கரடி வடதுருவப் பகுதியில் வாழ்வது. பென்குவின்களின் வாழிடம் பெரும்பாலும் தென் அரைக்கோளம்.

காகிதத்தில் பனித்துகள் வெட்டும்போதும் இதே கவனம் வேண்டும். காகிதத்தைப் பாதி பாதியாக மடித்துக்கொண்டே போனால் நான்கோ எட்டோ கைகள் வரும். உண்மையான பனித்துகள் ஆறு பக்கம் கொண்டது. ஏன் எப்போதும் ஆறு என்று 1611-லேயே வானியலாளர் யோகான்னஸ் கெப்ளர் ஒரு சிறு நூல் எழுதினார். தண்ணீரின் மூலக்கூறுகள் ஆறு ஆறாகக் கைகோத்து உறைவதுதான் காரணம் என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. பிள்ளைகளுக்குக் காரணம் வேண்டாம். பெரியவர்கள் ஆறாக மடித்துக் கொடுத்தால் போதும், வெட்டிப் பிரித்து அவர்களே எண்ணிக்கொள்வார்கள்.

இன்னொன்று, யாரும் பாடமாக நினைக்காத ஒன்று: உடுத்திக்கொள்வது. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் முறையில் பொத்தான், கொக்கி, கயிறு இவற்றைப் பழகுவதற்கென்றே மரச்சட்டங்கள் உண்டு. குளிர்காலத்தில் அந்தப் பயிற்சி ஒவ்வொரு குழந்தையின் மேலேயே தொங்குகிறது. ஜிப்பின் கீழ் முனையைப் பொருத்துவது ஐந்து வயதுக் கைக்கும் கடினம். இடது கை அடியைப் பிடிக்க வேண்டும், வலது கை செருக வேண்டும், இரண்டும் நகராமல் இருந்தால்தான் மேலே இழுக்க வரும். அவசரத்தில் நாமே மாட்டிவிடுகிறோம். வெளியே கிளம்பும் நேரத்தைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளிவைத்தால் அந்த வேலை முழுவதும் அவர்களுடையதாகும். அந்தப் பத்து நிமிடத்தை நான் எந்த எழுத்துப் பயிற்சிக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

உங்கள் சிறுவர் பக்கத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். வண்ணம் தீட்டும் படம் இருக்கட்டும். அதன் பக்கத்தில், வீட்டில் தண்ணீரும் ஃபிரீசரும் மட்டும் கொண்டு செய்யக்கூடிய ஒரு கேள்வியையும் வாரந்தோறும் போடுங்கள். கிண்ணத்தில் கோடு வரை ஊற்றிய தண்ணீர் உறைந்தபின் கோட்டைத் தாண்டியிருக்குமா, தாழ்ந்திருக்குமா? வெயிலில் வைத்த ஐஸ் முந்துமா, நிழலில் வைத்தது முந்துமா? பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற ஒரு வரியும் சேர்ந்து வரட்டும். விடையை மட்டும் அதே வாரம் அச்சிட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு மழலையர் பள்ளி ஆசிரியை