குளிப்பாட்ட ஆள் கிடைத்துவிட்டது, சரி

ஏட்டி மக்கா,

பதில் தாமதம். திட்டுவதை நேரில் வைத்துக்கொள்ளலாம். இங்கே எல்லாரும் சுகம். மைனிக்கு முட்டுவலி, வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

உன் சின்ன மகளுக்குச் சிசேரியன் ஆபரேஷன் தேதி குறித்தாச்சு, குளிப்பாட்டக் கருங்கல் ஊர்ப் பக்கத்து அம்மாவைப் பேசியாச்சு, லேகியத்துக்குச் சாமான் வாங்கியாச்சு, வேதுக் குளியலுக்கு இலை சொல்லியாச்சு என்று எழுதியிருக்கிறாய். உன் பட்டியலில் குழந்தை இருக்கிறது, பார்க்க வருகிறவர்களுக்கு முறுக்குகூட இருக்கிறது. பெற்றவள் எப்போது தூங்குவாள் என்பது மட்டும் இல்லை.

சென்னையில் டூலா, அதாவது பிரசவத் துணைக்கு ஒரு பெண், வைப்பதைக் காசுக்குப் பிடித்த கேடு என்கிறாய். அந்தப் பெண் ஊசி போடமாட்டாள், மருந்து சொல்லமாட்டாள். பெற்றவளுக்குச் சாப்பாடு, தூக்கம், பால் கொடுக்கக் கைத்துணை, கூட்டத்தை வாசலோடு நிறுத்துவது, அவ்வளவுதான் அவள் வேலை. வீட்டில் ஒருத்தர் இதைச் செய்தால் காசு மிச்சம். ஆனால் யார் அந்த ஒருத்தர் என்று இப்போதே முடிவு பண்ணு. நீ சமையலில் நிற்பாய், சம்பந்தியம்மா புத்தி சொல்வாள், அண்ணாச்சி டிவி பார்ப்பார்.

குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை குடிக்கும். குடிக்கவைப்பது அவள் வேலை, மிச்சமெல்லாம் மற்றவர்கள் வேலை. குடித்து முடித்ததும் வாங்கித் தோளில் போட்டு ஏப்பம் எடுத்து, துணி மாற்றி, மல்லாக்கக் கிடத்துவதை மாப்பிள்ளையிடம் விடு. பகலில் அவள் கண்ணயர்ந்தால் குளிக்க எழுப்பாதே.

தையலோடு மடியில் வைத்துக் கொடுப்பது கஷ்டம். குழந்தையின் கால் அவள் முதுகுப் பக்கம் போகிற மாதிரி கைக்கு அடியில் இடுக்கி, தலையணை முட்டுக்கொடுத்தால் வயிற்றில் பாரம் விழாது. வாய் நன்றாகத் திறந்த பிறகுதான் சேர்க்கணும். தாடை மார்பில் முட்டணும், கீழ் உதடு வெளியே மடிந்திருக்கணும், கறுப்பு வட்டம் கீழே குறைவாகவும் மேலே கூடுதலாகவும் தெரியணும். காம்பை மட்டும் கவ்வினால் வெடிக்கும். அப்போது விரலை வாயோரத்தில் விட்டு எடுத்து மறுபடி சேர்க்கச் சொல்.

சிசேரியனில் பால் ஊற ஒன்றிரண்டு நாள் கூடப் பிடிக்கலாம். அதற்குள் 'பால் இல்லை' என்று பவுடர் டப்பாவுக்கு ஓடுவார்கள். முதல் சொட்டுச் சீம்பாலே போதும். ஐந்தாம் நாளுக்கு மேல் தினம் ஆறு துணியாவது நனைகிறதா பார். பிறந்த எடை இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிடணும். மூன்று நான்கு நாளில் மார்பு கல்லாகும். அப்போது கொஞ்சம் பீய்ச்சி வட்டத்தை இளக்கினால்தான் குழந்தையால் பிடிக்கமுடியும்.

தக்கலை மாமியை நீதான் சமாளிக்கணும். பெற்றவள் பச்சை வெள்ளம் (பச்சைத் தண்ணீர்) குடித்தால் பிள்ளைக்குச் சளி என்பாள். தாகத்துக்குக் குடிக்காமல் இரும்புச்சத்து மாத்திரையும் போட்டால் மலம் கட்டி, தையலோடு முக்குகிறவளுக்குத்தான் தெரியும். மாத்திரை 180 நாள் தொடரணும், கால்சியத்தோடு சேர்த்துப் போடாமல். பால் ஊறும் என்று பால் சுறா மீனுக்குக் குளச்சலுக்கு ஆள் அனுப்பாதே. சுறாவில் பாதரசம் கூடுதல். சாளையும் நெத்திலியும் முருங்கையிலையும் தாராளம். தையல் ஆறுமுன் வயிற்றில் கொதிவெள்ளம் வீசி அடிக்கக் கூடாது. வெதுவெதுப்பில் குளித்துத் தையலை ஒற்றித் துடைத்தால் போதும்.

குழந்தைக்குத் தேன், வசம்பு, சர்க்கரை வெள்ளம் ஒன்றும் வேண்டாம். தொப்புளில் எதுவும் வைக்காமல் காயவிடு. மூக்கில் எண்ணெய் விட்டால் நுரையீரலுக்கு இறங்கும். குளிப்பாட்டும் அம்மாவிடம் முதல் நாளே சொல்லிவிடு. சாம்பிராணிப் புகையும் வேண்டாம். முதல் நாளிலேயே குழந்தைக்கு மஞ்சள் காமாலை தெரிந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்கினாலோ வெயிலில் காட்டிக்கொண்டிருக்காதே, ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு வண்டி எடு. குடிக்காமல் துவண்டு கிடந்தாலும் அப்படித்தான்.

இனி விளையாட்டு இல்லை. மூன்றாம் நாள் வாக்கில் காரணமில்லாமல் அழுவாள். அது சகஜம், பக்கத்தில் உட்கார். இரண்டு வாரம் தாண்டியும் அழுகை, குழந்தை உறங்கும்போதுகூட உறக்கம் வராதது, 'நான் இல்லாவிட்டால் நல்லது' என்கிற பேச்சு இருந்தால் கண்ணேறு கழித்துக் காலத்தைக் கடத்தாதே. மனநல உதவிக்கான 14416-க்குப் போன் போடு, டாக்டரிடம் கூட்டிப் போ. இல்லாததைப் பார்க்கிறாள், கேட்கிறாள் என்றால் அன்றைக்கே, தனியாக விடாதே. ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தாலும், கண் மங்கும் தலைவலி வந்தாலும் 108. பிரஷர் பிரசவத்துக்குப் பிறகும் ஏறும்.

அவளுக்கு மாசமாக இருக்கையில் சுகர் இருந்ததே, ஆறு வாரம் கழித்து மறுபடி பரிசோதனை உண்டு. நீ கிண்டப்போகிற லேகியத்தில் பாதி கருப்பட்டிதானே? அவளுக்கு நெல்லிக்காய் அளவு போதுமா, அதுவும் வேண்டாமா என்று டாக்டரிடம் கேள். மிச்சத்தை மார்த்தாண்டம் பஸ்ஸில் கொடுத்துவிடு, எனக்குச் சுகர் இல்லை.

உன்
பழைய பெஞ்சுக்காரி