இலவச விழாவின் செலவை யார் ஏற்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வட்டாரக் கலைவிழாக்களுக்கு ஐந்து வெள்ளியாவது நுழைவுக் கட்டணம் வைக்க வேண்டும், காசு கொடுக்காமல் கிடைப்பதை மக்கள் மதிப்பதில்லை என்ற பேச்சு நம் சமூக அமைப்புகளின் கூட்டங்களில் அடிக்கடி எழுகிறது. சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) குடியிருப்புப் பகுதி ஒன்றில், தொண்டூழியர்களின் துணையுடன் இசை, நடன, நாடக விழாவைக் கட்டணமின்றி நடத்திவரும் சிறு குழுவில் உள்ளவன் என்ற முறையில் இந்தப் பேச்சின் ஒரு பாதியை ஏற்கிறேன். விழாவுக்குச் செலவு உண்டு, அதை யாராவது தந்துதான் ஆகவேண்டும். ஆனால் அதை வாயிலில் நின்று வசூலிக்க வேண்டும் என்பதுதான் எனக்கு உடன்பாடில்லாத மறுபாதி.

கட்டணம் வைத்தால் யார் வரமாட்டார்கள் என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். கச்சேரிக்கும் அரங்கேற்றத்துக்கும் போய்ப் பழகியவர்கள் ஐந்து வெள்ளி கொடுத்தும் வருவார்கள்; அவர்களைப் பற்றிக் கவலையில்லை. ஈரச்சந்தையிலிருந்து பையுடன் வீடு திரும்பும் வழியில் தவில் ஓசை கேட்டு நின்றுவிடும் சீன மூதாட்டியும், ஞாயிறு மாலை விடுதிக்குத் திரும்புமுன் ஊர்ப் பாட்டு இரண்டு கேட்டுவிட்டுப் போகலாம் என்று ஓரமாக அமரும் கட்டுமான ஊழியரும், பள்ளியில் தமிழ்ப் பாடத்தோடு சரி என்றிருக்கும் பதின்ம வயதினரும் நுழைவுச்சீட்டு வாங்கி வரப்போவதில்லை. சீட்டு வாங்குபவர் தமக்கு ஏற்கெனவே பிடித்ததைத்தான் வாங்குவார். அறியாத ஒன்றின் முன் தற்செயலாக நின்று, பிடிக்காவிட்டால் எந்த இழப்பும் இன்றி நகர்ந்துவிடும் உரிமையைத் தருவதற்காகவே வட்டார விழா திறந்தவெளியில் நடத்தப்படுகிறது.

இலவசம் என்றால் மதிப்பில்லை என்ற வாதமும் நம் நாட்டு அனுபவத்துக்குப் பொருந்தவில்லை. 2002இல் திறக்கப்பட்ட எஸ்பிளனேட் கலை மையத்தின் வெளியரங்கிலும் உள்கூடத்திலும் ஆண்டு முழுவதும் கட்டணமில்லா நிகழ்ச்சிகள் நடக்கின்றன. பூமலை எனப்படும் தாவரவியல் தோட்டத்தில் சிங்கப்பூர் சிம்ஃபொனி இசைக்குழு வாசிக்கும்போது குடும்பம் குடும்பமாகப் பாய்விரித்து அமர்ந்து கேட்கிறார்கள். அவற்றைத் தரம் குறைந்தவை என்று எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. சென்னை பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015இல் தொடங்கிய விழா, மீனவர் குடியிருப்பின் நடுவே கர்நாடக இசையையும் பறையாட்டத்தையும் கட்டணமின்றி எல்லாரும் காணவைத்தது. அதற்கும் தன்னார்வலர்களே முதுகெலும்பு. அவ்வளவு தொலைவுகூடப் போகவேண்டியதில்லை. ‘தமிழ் முரசு’ நாளிதழின் கோ. சாரங்கபாணி 1952இல் இங்கேயே தொடங்கிவைத்த தமிழர் திருநாள், ஊழியரையும் வணிகரையும் ஆசிரியரையும் ஒரே திடலுக்கு அழைத்துவந்த விழா அல்லவா?

எனினும் எஸ்பிளனேட்டுக்கும் எங்களைப் போன்ற குழுவுக்கும் உள்ள வேறுபாட்டை மறைக்கக்கூடாது. அங்கே நுழைவு இலவசமாக இருப்பதற்குப் பின்னால் ஒரு பெரிய நிறுவனமும் நன்கொடையாளர்களும் அரசின் ஆதரவும் இருக்கின்றன. வட்டார விழாவில் கூடாரம், மேடை, நாற்காலி, மின்சாரம், ஒலி அமைப்பு, துப்புரவு, காப்புறுதி ஆகிய ஒவ்வொன்றுக்கும் விலைச்சீட்டு வரும். எவரும் அதில் இலவசம் என்று எழுதித் தருவதில்லை. பொது நிகழ்ச்சிக்கான உரிமத்துக்கு வாரக்கணக்கில் முன்னதாகவே நிகழ்ச்சி விவரங்களுடன் விண்ணப்பிக்க வேண்டும். பாடல்களுக்கும் கணக்கு உண்டு. 1847இல் மறைந்த தியாகராஜரின் கீர்த்தனையைப் பாட யாரிடமும் உரிமம் பெறவேண்டியதில்லை. ஆனால் திரைப்பாடல் மெல்லிசைக்கு, 1987இல் அமைக்கப்பட்ட ‘காம்பஸ்’ என்ற இசையமைப்பாளர், பாடலாசிரியர் சங்கத்தை நாடவேண்டியிருக்கும். நுழைவுக்குக் காசு வாங்கவில்லை என்பதால் அந்தப் பொறுப்பு நீங்கிவிடாது.

இத்தனைக்கும் பணம் தேடியபின் கையில் மிஞ்சுவது குறைவு என்பதால், பல ஏற்பாட்டுக் குழுக்கள் கைவைக்கும் முதல் இடம் கலைஞரின் சன்மானம். இதைத்தான் நான் வன்மையாக எதிர்க்கிறேன். கூடாரக்காரருக்கும் நாற்காலி வாடகைக்கும் பேசிய தொகையைக் கொடுத்துவிட்டு, பல ஆண்டுகள் சாதகம் செய்த மிருதங்கக் கலைஞரிடம் “சேவையாக நினைத்துச் செய்யுங்கள், உங்களுக்கும் ஒரு மேடை கிடைக்கிறது” என்று சொல்வதில் என்ன நியாயம்? இதற்குத் திருவையாற்று ஆராதனையை மேற்கோள் காட்டுபவர்களும் உண்டு. அங்கே வித்துவான்கள் ஊதியம் வாங்காமல் பாடுவது தியாகராஜருக்கு அவர்கள் தாமாக முன்வந்து செலுத்தும் அஞ்சலி. அதைக் காட்டி வட்டார விழாவில் நாகஸ்வரம் வாசிப்பவரின் ஊதியத்தைக் குறைப்பது முறையன்று. இதைவிட வருந்தத்தக்கது, சில நிகழ்ச்சிகளில் மேடையேறும் பிள்ளைகளின் பெற்றோரிடமே “பங்கேற்புக் கட்டணம்” வசூலிக்கும் வழக்கம். பார்வையாளருக்கு இலவசம் என்று அறிவித்துவிட்டு ஆடும் பிள்ளையிடம் வாங்குவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு விளங்கவில்லை.

எங்கள் குழுவின் வழக்கம் எளியது. தொழில்முறைக் கலைஞர்கள் அனைவருக்கும், பெயர்பெற்றவர், புதியவர் என்ற வேறுபாடின்றி, ஒரே அளவான தொகை. அது சிறியதுதான், ஆனால் அழைக்கும்போதே சொல்லப்படும், விழா முடிந்த அன்றே கொடுக்கப்படும். ஒலிப் பொறியாளரின் ஊதியத்தில் பேரம் பேசுவதில்லை. தொண்டூழியர்கள் எவ்வளவோ செய்வார்கள், ஆனால் ஒலிப்பலகையின் முன் அனுபவமில்லாதவரை அமர்த்தினால் திறந்தவெளியில் வீணையின் கமகம் ஒன்றும் காதில் விழாது. ஒலிவாங்கியின் கிறீச்சிடல்தான் மேல்மாடி வரை கேட்கும்.

நிகழ்ச்சி வரிசையைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனெனில் கூட்டம் கலைவதற்கு ‘இலவச’த்தைப் பழிப்பவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை. ஒரே நடனப் பள்ளியின் பிள்ளைகள் அனைவரையும் முதல் ஒரு மணி நேரத்தில் மேடையேற்றினால், அந்த நடனம் முடிந்ததும் தாத்தா, பாட்டி, ஒப்பனைப் பெட்டி சகிதமாக முன்வரிசைகள் காலியாகும். அடுத்து வருபவர் வெற்று நாற்காலிகளைப் பார்த்துப் பாட வேண்டியதுதான். பிள்ளைகளின் நடனங்களை மாலை முழுவதும் இடையிடையே பரப்பி, நடுவில் புல்லாங்குழலோ நாட்டுப்புறப் பாட்டோ வைத்தால், தம் பேத்தியின் முறைக்காகக் காத்திருக்கும் பாட்டி மற்றவற்றையும் கேட்டே ஆகவேண்டும். கேட்டபின் விரும்பவும் தொடங்குகிறார். உறுமி மேளத்துக்கு அடுத்து வீணையை வைப்பதில்லை, காது அமைதிக்குத் திரும்ப நேரம் வேண்டும். மலாய், சீன இளையர் இசைக்குழுக்களை நம் நிகழ்ச்சிகளுக்கு நடுவே வைப்பதால் அவர்களின் குடும்பங்களும் நம் பாட்டைக் கேட்கின்றன. மாலை நேர இடிமழையை எதிர்பார்த்து, மின்னல் எச்சரிக்கை வந்தால் கீழ்த்தளத்தில் ஒலிபெருக்கி இல்லாமலேயே தொடரக்கூடிய நிகழ்ச்சிகள் எவை என்பதையும் முன்கூட்டியே குறித்துவைக்க வேண்டும். சிங்கப்பூரில் வெளியரங்கு விழா நடத்துபவருக்கு இது இன்றியமையாதது.

தொண்டூழியர் பற்றாக்குறை என்று பொதுவாகச் சொல்கிறோம். விழா நாளன்று அப்படி ஒரு பற்றாக்குறை இல்லவே இல்லை. உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களும் ஒரே நிறச் சட்டையணிந்து திரளாக வருவார்கள். சிலநேரம் அவர்களுக்குக் கொடுக்க வேலை இருக்காது. பற்றாக்குறை எல்லாம் விழாவுக்கு முந்தைய மாதங்களில்தான். விண்ணப்பம் எழுதுவது, விலைச்சீட்டுகளை ஒப்பிடுவது, ஒவ்வொரு குழுவுக்கும் எத்தனை ஒலிவாங்கி தேவை என்று கேட்டு மேடை வரைபடம் தயாரிப்பது, கணக்கு முடிப்பது ஆகியவை ஆண்டுதோறும் அதே நான்கைந்து பேர் தலையிலேயே விழுகின்றன. அவர்களில் ஒருவர் வேலை மாறினாலோ பெற்றோருக்கு உடல்நலம் குன்றினாலோ விழாவே நின்றுபோகும் நிலை. எனவே ஒவ்வொரு பொறுப்புக்கும் இருவர் இருக்க வேண்டும், அவர்களுள் ஒருவராவது முப்பது வயதுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும், மூத்தவர் சில ஆண்டுகளில் அப்பொறுப்பை விட்டு விலகியே தீரவேண்டும் என்று நான் வாதிட்டுவருகிறேன். இளையரை நாற்காலி அடுக்க மட்டும் அழைத்துவிட்டு, “இக்காலத்துப் பிள்ளைகளுக்கு ஈடுபாடு இல்லை” என்று குறைகூறுவதை நாம் நிறுத்தலாம். வரவுசெலவுத் திட்டத்தை அவர்கள் கையில் கொடுத்துப் பார்த்தால், எங்கே வீண்செலவு செய்கிறோம் என்று நமக்கே சொல்லித் தருவார்கள்.

பணத்துக்கு வருகிறேன். மேடைக்கு முன் உண்டியல் ஏந்திவிடலாம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். பொது இடத்தில் நன்கொடை திரட்டுவதற்கும் இங்கே அனுமதி தேவை, அந்த ஒழுங்கு வேண்டியதும்கூட. கலைத் துறை அறநிறுவனங்கள் பெறும் தனியார் நன்கொடைக்கு ஈடாக வெள்ளிக்கு வெள்ளி அரசு வழங்கும் திட்டம் 2013 முதல் உள்ளது. தகுதிபெற்ற பொதுநல அமைப்புகளுக்கு நன்கொடை அளிப்பவருக்கு 250 விழுக்காட்டு வரிக்கழிவும் உண்டு. அறநிறுவனமாகப் பதிவு பெறாத வட்டாரக் குழுக்களுக்கு இவை இரண்டும் எட்டாக்கனி. ஆகவே, ஒவ்வொரு சிறு குழுவும் தனித்தனியே பதிவுக்கு அலைவதைவிட, ஏற்கெனவே அத்தகுதி பெற்றுள்ள நம் கலைக் கழகங்கள் இரண்டு மூன்று வட்டார விழாக்களைத் தம் குடையின்கீழ் ஏற்று நன்கொடையைப் பெற்று, தனிக் கணக்கில் வைத்துச் செலவிட முன்வரலாகாதா? மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்காக ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதியைச் சிறு சிறு தொகைகளாகத் திரட்டிக்காட்டிய சமூகம் நாம்.

அதிகாரிகளின் கவனத்துக்கும் ஒன்றைக் கொண்டுவர விரும்புகிறேன். சுதந்திரத்தின் 60ஆம் ஆண்டையொட்டி 18 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர்களுக்கு வழங்கப்பட்ட 100 வெள்ளி ‘எஸ்ஜி கல்ச்சர் பாஸ்’ தொகையை 2028 முடியும்வரை உள்ளூர்க் கலை நிகழ்ச்சிகளின் கட்டணத்துக்குப் பயன்படுத்தலாம். நல்ல திட்டம். ஆனால் சீட்டு விற்காத விழாவுக்கு இதனால் ஒரு காசும் வராது. கட்டணம் வைத்தவருக்கு உதவி, வைக்காதவருக்கு இல்லை என்பதே இதன் விளைவு. தமக்குரிய தொகையில் ஐந்தோ பத்தோ வெள்ளியைத் தம் வட்டாரத்தின் கட்டணமில்லா விழாவுக்கு விருப்பமுள்ளோர் ஒதுக்கலாம், அத்தொகை முழுவதும் கலைஞரின் சன்மானத்துக்கு மட்டுமே செலவிடப்பட வேண்டும், விழாக் குழு தன் கணக்கைப் பொதுவில் வெளியிட வேண்டும் என்ற நிபந்தனைகளுடன் இத்திட்டத்தை விரிவாக்க இயலுமா என்று தேசிய கலை மன்றம் பரிசீலிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கணக்கை வெளியிடும் நிபந்தனையை எங்கள் குழு இந்த ஆண்டே ஏற்கத் தயார்.

இப்படிக்கு,
வட்டாரக் கலைவிழாத் தொண்டூழியர் ஒருவர்,
உட்லண்ட்ஸ்