ரிசப்ஷன் கம்ப்யூட்டர்

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். உன் பல் கிளினிக்கைப் பார்த்ததில் மனசு நிறைந்துவிட்டது. ஆனால் ரிசப்ஷன் மேஜையில் இருக்கும் அந்தக் கம்ப்யூட்டர் என்னைத் தூங்கவிடவில்லை. அதில் ஓடுவது விண்டோஸ் 7. வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டன. எல்லோருடைய எக்ஸ்ரேயும் சிகிச்சைக் குறிப்பும் அதற்குள்தானே இருக்கின்றன?

2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற கம்ப்யூட்டர் வைரஸ் பரவியபோது இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் தவித்துப் போயின. ஆம்புலன்ஸ்களை வேறு மருத்துவமனைகளுக்குத் திருப்பினார்கள். ஏறத்தாழ 19,000 அப்பாயின்ட்மென்ட்கள் ரத்தாகியிருக்கும் என்று பிறகு கணக்கிட்டார்கள். ஃபைல்களையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் பிட்காயினில் கேட்டது. மூன்று நாள் தாண்டினால் இரட்டிப்பு. யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியிருக்கவில்லை, நெட்வொர்க் வழியாகத் தானே தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14 அன்றே வந்துவிட்டது. மருந்து கையில் இருந்தும் போடாமல் விட்ட கதைதான். அங்கே மாட்டியவற்றில் பெரும்பாலானவை அப்டேட் போடாத விண்டோஸ் 7. உன்னுடையதற்கு அந்த மருந்து வருவதே நின்றுவிட்டது.

"பேக்கப் இருக்குப்பா" என்றாய். சிபியூவுக்குப் பின்னால் எப்போதும் செருகியே இருக்கும் அந்தக் கறுப்பு ஹார்ட் டிஸ்க்கை நம்பாதே. கம்ப்யூட்டரைப் பூட்டுகிற வைரஸ், செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டும். இரண்டு டிஸ்க் வைத்துக்கொள், மாற்றி மாற்றிப் பயன்படுத்து. காப்பி எடுத்ததும் கழற்றிவிடு. ஒன்று வீட்டு பீரோவில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை அதை வேறு கம்ப்யூட்டரில் செருகி, யாராவது ஒருவருடைய எக்ஸ்ரே திறக்கிறதா என்று பார். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

அப்புறம், பில்லிங் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தவர் தன் இடத்திலிருந்தே உள்ளே நுழைய ஒரு செயலியை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதை எடுத்துவிடு. வேலை இருக்கும்போது மட்டும், நீ பக்கத்தில் இருக்கையில் போட்டுக்கொள்ளட்டும்.

மானிட்டரில் பாஸ்வேர்ட் ஒட்டி வைத்ததற்காக ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணைத் திட்டாதே. லேபிலிருந்து வரும் மெயில், வாட்ஸ்அப் படம் எல்லாவற்றையும் திறப்பது அவள் வேலை. புது சாஃப்ட்வேர் போட அனுமதியில்லாத தனி அக்கவுன்ட் ஒன்றை அவளுக்குப் போட்டுக் கொடு. திரையில் பணம் கேட்டு ஏதாவது வந்தால் முதலில் நெட் கேபிளைப் பிடுங்கச் சொல், வைஃபை இருந்தால் அதையும் அணைக்கட்டும். பிறகு எனக்குப் போன் பண்ணு, எந்த நேரமானாலும் சரி. பணம் மட்டும் கட்டிவிடாதே. கட்டினாலும் ஃபைல் திரும்பும் என்று உத்தரவாதம் கிடையாது.

சேருக்கு வாங்கிய லோன் ஓடிக்கொண்டிருப்பது தெரியும். புதுக் கம்ப்யூட்டரை நான் வாங்கித் தருகிறேன், மறுக்காதே. எக்ஸ்ரே சென்சாரின் சாஃப்ட்வேர் விண்டோஸ் 11இல் ஓடுமா என்று மட்டும் கம்பெனியில் கேட்டுச் சொல். ஓடாது என்றால் பழையதை நெட் இணைப்பே இல்லாமல் எக்ஸ்ரேக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அப்பா