ஒன்பதாவது ஆளாக தோனி

ஆசிரியருக்கு வணக்கம். 2025 மார்ச் 28 அன்று சேப்பாக்கத்தில், பெங்களூருவுக்கு எதிராக சென்னை 197 ரன் எடுக்க வேண்டிய ஐ.பி.எல். ஆட்டத்தில், தோனி பந்துவீச்சாளர் அஸ்வினுக்கும் பிறகு ஒன்பதாவது ஆளாக, ஆட்டம் கைவிட்டுப் போனபின் இறங்கினார். கடைசி ஓவரில் இரண்டு சிக்ஸர் பறந்ததும் ஜெயித்த மாதிரி ரசிகர்கள் ஆர்ப்பரித்தார்கள். சென்னை தோற்றது 50 ரன் வித்தியாசத்தில். 2008க்குப் பிறகு பெங்களூரு அங்கே சென்னையை ஜெயித்தது அன்றுதான். ஏன் முன்னாலேயே வரவில்லை என்று கேட்டால் ‘நீயெல்லாம் ரசிகனா’ என்கிறார்கள், அப்புறம் அவருக்கு முழங்கால் வலி என்கிறார்கள். சரி, அப்படியானால் அந்த இடத்தில் ஓர் இளைஞர் ஆடலாமே? தோனி வருவார் என்பதற்காக, அப்போது சென்னைக்கு ஆடிய ஜடேஜா அவுட்டானதும் சொந்த ரசிகர்களே கைதட்டியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த சீசனில் அணி முதல்முறையாகக் கடைசி இடம் பிடித்தது. ஐந்து கோப்பை வென்று தந்தவர் மேல் எனக்கும் உயிர்தான், அதனால்தான் கேட்கிறேன்.

– ஒரு வாசகர், தாம்பரம்