பேரனின் பருவ வளர்ச்சி குறித்து மகனுக்கு

இராயபுரம்

அன்புள்ள மகன் செந்திலுக்கு,

முகிலனுக்கு 14 வயது நிறைந்தும் குரல் உடையவில்லை என்று நீ கவலைப்பட்டதையும், உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ அவனுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன் ஊசி போடச் சொன்னதையும் உன் அம்மா கூறினாள். பள்ளியில் உயிரியல் நடத்தியவன் என்பதால் மட்டுமன்றி, அவனுடைய தாத்தா என்பதாலும் எழுதுகிறேன். மருத்துவர் சொல்லாமல் அந்த ஊசியை அவன் உடம்பில் ஏற்றவே கூடாது.

விதைகளில் (விந்தகங்களில்) உள்ள லெய்டிக் செல்கள் இந்த ஹார்மோனைத் தாமாகச் சுரந்துவிடுவதில்லை. மூளையின் ஹைப்போதலாமஸ் விட்டுவிட்டு அனுப்பும் ஜிஎன்ஆர்எச் என்ற ஹார்மோனின் தூண்டலால், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்எச் என்ற இன்னொரு ஹார்மோனைச் சுரக்க, அது இரத்தத்தின் வழியே லெய்டிக் செல்களை எட்டிய பிறகே, ஸ்டார் என்னும் புரதம் கொலஸ்ட்ராலை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சேர்க்கிறது. பின்னர் நொதிகள் அதைப் படிப்படியாக டெஸ்டோஸ்டிரோனாக மாற்றுகின்றன. வெளியிலிருந்து கண்டபடி ஊசி ஏற்றினால் மூளை எல்எச் சுரப்பைக் குறைத்துவிடும். எலும்பின் வளர்முனைகளும் சீக்கிரம் மூடிக்கொள்ள, வளர்ச்சிக்காகப் போட்ட ஊசியே உயரத்தைக் குறைத்துவிடக்கூடும்.

மூளை முதல் விதை வரையான இந்த ஏற்பாடு குழந்தை பிறந்த சில மாதங்களில் ஒருமுறை விழித்து, பிறகு பல ஆண்டுகள் அடங்கியிருக்கும். மறுபடியும் எப்போது எழ வேண்டும் என்பதில் மரபணுக்களுக்குப் பெரும் பங்குண்டு. ஜிஎன்ஆர்எச் சுரப்பைத் தூண்டுவது கிஸ்பெப்டின்; அதன் ஏற்பிக்கான மரபணு பழுதுபட்டவர்களுக்குப் பருவமாற்றமே வருவதில்லை என்று 2003இல் தெரியவந்தது. எம்கேஆர்என்3 என்பதோ பருவமாற்றத்தைத் தடுத்து வைத்திருக்கும் மரபணு. தந்தையிடமிருந்து வரும் பிரதி மட்டுமே இயங்கும் இது பழுதானால், பருவம் முன்கூட்டியே தொடங்கும் என்று 2013இல் கண்டறிந்தார்கள்.

நம் வீட்டில் எனக்கும் மீசை தாமதமாகத்தான் அரும்பியது. உனக்கோ பதினொன்றாம் வகுப்பில். இப்படிக் குடும்பவழித் தாமதம் ஆண்பிள்ளைகளிடம் மிகப் பரவலானது, பெரும்பாலும் தானே சரியாவது. ஆயினும் வாசனை தெரிகிறதா என்று மருத்துவர் கேட்பார். ஜிஎன்ஆர்எச் நரம்புச் செல்கள் கருவிலேயே மூக்குப் பகுதியில் தோன்றி மூளைக்கு நகர்பவை. அந்தப் பயணம் தடைப்படும் கால்மன் நோயில் முகர்வுணர்வு குறைந்தோ இல்லாமலோ இருக்கலாம். போன விடுமுறையில் காசிமேட்டு மீன் ஏலக்கூடத்தில் முகிலன் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடியதை நான் பார்த்ததால், அந்த வகையில் எனக்கு அச்சமில்லை.

நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் இந்த மாதமே அழைத்துப் போ. முதலில் பெரிதாவது விதைகள்தாம். குரலும் மீசையும் பிறகு வருபவை. விதையின் கன அளவு 4 மில்லிலிட்டரை எட்டியிருந்தால் பருவம் தொடங்கிவிட்டது என்று கொள்வார்கள். டெஸ்டோஸ்டிரோன் காலையில் கூடுதலாக இருக்கும் என்பதால் இரத்தப் பரிசோதனையைக் காலையிலேயே எடுக்கச் சொல்வார். எலும்பின் வயதறிய இடக்கையை எக்ஸ்ரே எடுப்பார்கள். எல்லாம் பார்த்த பின் அவரே சில மாதங்களுக்குக் குறைந்த அளவில் ஊசி தந்தால் மறுக்காதே. அது அளந்து, கண்காணித்துத் தரும் சிகிச்சை. அதுவரை பிள்ளையின் முன்னால் இதைப் பற்றி உறவினர் யாரும் பேசாமல் பார்த்துக்கொள். நான் வளர்ந்த விவரத்தையும் நீ வளர்ந்த விவரத்தையும் மருத்துவரிடம் கூறிவிட்டு, முடிவுகள் வந்ததும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா