மூன்று பேரும் இருக்கிற படம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அவளுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் பொன்மலை சந்தைக்கு மட்டும் நடந்தே போய்வருகிறாள். அங்கே இங்கிலாந்தில் குளிர் ஆரம்பித்திருக்கும். பாப்பாவுக்குக் காதை மூடுகிற மாதிரி குல்லா போட்டு அனுப்பு.

ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய படங்கள் வந்தன. மொத்தம் பதினாலு. ரயில் மியூசியத்தில் மல்லார்டு எஞ்சின் முன்னால் பாப்பா, ஜப்பான் புல்லட் ரயிலுக்குள் நீயும் பாப்பாவும், அப்புறம் ஆற்றங்கரையில் ஐஸ்கிரீமோடு. அம்மா இரண்டு முறை தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "மருமகதான் எடுத்திருப்பா" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடி இல்லாமல் அவளுக்குத் தெரியாது. நீ இருக்கிற படம் எல்லாமே நீயே கையை நீட்டி எடுத்தது.

சரி, மருமகளுக்கு அன்றைக்கு வேலை இருந்திருக்கும்.

போன ஜூனில் நாங்கள் யார்க் வந்தபோதும் முதல்நாள் நீ கூட்டிப்போனது அந்த மியூசியத்துக்குத்தான். அவ்வளவு பெரிய இடத்துக்கு டிக்கெட் கிடையாது என்றதும் அம்மா நம்பவில்லை, வெளியே வரும்போது யாராவது பிடித்துக் கேட்பார்கள் என்று பர்ஸைக் கையிலேயே வைத்திருந்தாள். மல்லார்டு முன்னால் என்னை நிறுத்தி, "அப்பா, இதப் பத்தி நீங்களே சொல்லுங்க" என்று பாப்பாவை என் பக்கம் தள்ளிவிட்டாய். அதை நான் இங்கே வாக்கிங் வருகிறவர்களிடம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 1938 ஜூலை 3. மணிக்கு 126 மைல், நம் கணக்கில் 200 கிலோமீட்டருக்கு மேல். நீராவி எஞ்சினில் இன்றுவரை அதுதான் ரெக்கார்டு. பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஊட்டி ரயில் எஞ்சின்களைப் பிரித்து மாட்டிய எனக்கு அந்த நீலத் தகட்டுக்குள் என்ன இருக்கும் என்று தெரியும், ஆனாலும் கை வைத்துப் பார்க்கத் துடித்தது.

பாப்பாவுக்குச் சொன்ன கதை ஞாபகம் இருக்கிறதா? அந்த ஓட்டத்தில் நடு சிலிண்டரின் பிக் எண்டு பேரிங், அதாவது தள்ளுதண்டு சக்கர அச்சோடு சேருகிற மூட்டு, சூடேறிவிட்டது. சூடானால் தெரியவேண்டுமே என்று பேரிங்குக்குள் ஒரு வாசனைக் குப்பி வைத்திருந்தார்கள். அது வெடித்துச் சோம்பு வாடை கிளம்பிவிட்டது. அப்புறம் மெதுவாக ஓட்டிக்கொண்டு பீட்டர்பரோ வரை வந்து, எஞ்சினைக் கழற்றி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினார்கள். பாப்பா எஞ்சின் பக்கத்தில் போய் மூக்கை வைத்து மோந்து பார்த்தாள்.

எங்களுக்காக நீ அலைந்ததைக் குறை சொல்ல முடியாது. ஷாம்பிள்ஸ் தெருவில் மாடிகள் இரண்டு பக்கமும் சாய்ந்து முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து அம்மா, "எதிர்வீட்டுக்கு ஜன்னல் வழியாவே ரசம் கொடுக்கலாம்" என்றாள். ஒருகாலத்தில் கறிக்கடைத் தெரு என்று நீ அந்தக் கொக்கிகளைக் காட்டிய பிறகு பேசாமல் நடந்தாள். யார்விக் மியூசியத்தில் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய வைக்கிங் காலத்துத் தெருவை நாற்றத்தோடு செய்து வைத்திருக்கிறார்கள், அதற்குக் காசு கொடுத்தது உன் அம்மாவுக்கு இன்றைக்கும் ஆறவில்லை. யார்க்‌ஷயர் புட்டிங் என்றதும் பாயசம் மாதிரி ஏதோ வரும் என்று உட்கார்ந்திருந்தோம், குழம்பு ஊற்றிய முட்டைப் பணியாரம் வந்தது. நீ அவ்வளவு செலவழித்திருக்கவேண்டாம். பில்லைத் தொடைக்குக் கீழே ஒளித்ததை நான் பார்த்தேன்.

கோட்டைச் சுவர்மேல் நடந்தோமே, அன்றைக்குத்தான் எனக்கு முதலில் உறுத்தியது. வழி குறுகல், சில இடத்தில் ஒரு பக்கம் கம்பிகூட இல்லை, அதனால் ஒருவர் பின் ஒருவராகத்தான் போகமுடியும் என்று நினைத்தேன். நீ எல்லாருக்கும் முன்னால், மருமகள் எல்லாருக்கும் பின்னால். கீழே இறங்கி மின்ஸ்டர் என்கிற பெரிய சர்ச் முன்னால் வந்தோம். யானையைத் திருப்பலாம், அவ்வளவு இடம். அங்கேயும் அப்படியேதான் நடந்தீர்கள்.

அந்தச் சர்ச் கோபுரத்துக்கு 275 படி என்றார்கள். என் முட்டிக்கு ஆகாது என்று கீழேயே இருந்துவிட்டேன். மருமகளும் துணைக்கு இருந்தாள். ஒரு மணி நேரத்தில் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. பருப்புப்பொடிக்கு எவ்வளவு மிளகாய் என்று கேட்டாள், எனக்குத் தெரியவில்லை. நல்ல பெண், தம்பி.

அப்புறம் பெட்டிஸ் டீக்கடை. வெளியே வரிசையில் நின்று, உள்ளே போய், மூன்று தட்டு அடுக்கில் கேக்கும் சாண்ட்விச்சும் வந்தது. மருமகள் உனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள். நீ பாப்பாவிடம், "அம்மாகிட்ட இன்னொரு டீ வேணுமான்னு கேளு" என்றாய். பாப்பா கேட்டாள். "வேணாம்னு அப்பாகிட்டச் சொல்லு" என்று பதில் வந்தது. பாப்பா அதைச் சொன்னாள், கேக்கைத் தின்றுகொண்டே, பழகின மாதிரி.

எனக்கு அங்கே அந்தச் சோம்பு வாடை அடித்தது.

இதைப் போனில் கேட்கலாம் என்றால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுவாய். அதனால்தான் தபால். இவருக்கு என்ன யோக்கியதை என்று நீ நினைத்தால் அதுவும் சரிதான். நீ ஏழாவது படிக்கும்போது அந்த வேலையைப் பார்த்தது நீதான். "தோசை வேணுமான்னு அம்மா கேக்குறாங்க." "போதும்னு சொல்லு." பதினொரு மாதம். என்ன சண்டை என்று உனக்கு நாங்கள் சொன்னதே இல்லை. கூட வேலை பார்த்தவனின் சொசைட்டிக் கடனுக்கு அம்மாவுக்குத் தெரியாமல் நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அவன் கட்டவில்லை, என் சம்பளத்தில் பிடித்தார்கள். யாரைக் கேட்டுப் போட்டீர்கள் என்றாள். என் சம்பளம், என் கையெழுத்து என்றேன். தப்பு என்னுடையது என்று அன்றைக்கே எனக்குத் தெரியும்.

அந்த வருஷம் ஆயுத பூஜை. ஒர்க்‌ஷாப்புக்குள் குடும்பத்தோடு போகலாம். நீ காலையிலேயே வெள்ளைச்சட்டை போட்டு நின்றாய். "அம்மா வர்றாளான்னு கேளு" என்றேன். உள்ளே போய் வந்து, "அப்பா வந்து கேட்டா வர்றேங்கிறாங்க" என்றாய். திண்ணைக்கும் அடுப்படிக்கும் ஆறு அடி. நான் எழுந்து போகவில்லை. உன்னையும் விட்டுவிட்டுத் தனியாகப் போனேன். நீ சட்டையைக் கழற்றி மடித்து வைத்தாய் என்று அம்மா வெகுநாள் கழித்துச் சொன்னாள். நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். தப்புதான், தம்பி.

உங்களுக்குள் என்ன என்று நான் கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெளியே போங்கள். மூன்று பேரும் போங்கள். பெரிய செலவெல்லாம் வேண்டாம், சுவர்மேல் நடப்பதற்குக் காசு இல்லை. வழியில் போகிற யாரிடமாவது போனைக் கொடுத்து ஒரு படம் எடுக்கச் சொல். மழைக்கோட்டு எடுத்துக்கொள், அந்த ஊர் வெயிலை நம்பாதே. டீ வேண்டுமா என்று நீயே கேள். பாப்பாவுக்குக் குல்லா மறக்காதே.

பருப்புப்பொடி தனிப் பார்சலில் வருகிறது. மிளகாய் அளவை அம்மா சீட்டில் எழுதி உள்ளே வைத்திருக்கிறாள், அது மருமகளுக்கு. இந்தக் கடிதம் அம்மாவுக்குத் தெரியாது. சாப்பிடக் கூப்பிடுகிறாள், இரண்டாவது தடவை. பதில் சொல்லாவிட்டால் இங்கேயே வந்துவிடுவாள்.

இப்படிக்கு,
அப்பா